அட்டாலியிலிருந்து இறங்கிய பெட்ரோமாக்ஸ்

போன வருடம் கார்த்திகை மாதம், நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே இருக்கும் எங்கள் கிராமத்து வீட்டில் நடந்தது இது.

என் கணவர் போர்வெல் ரிக் வண்டியில் டிரைவர். வருடத்தில் பெரும்பாதி வடக்கே எங்காவது இருப்பார். அந்த முறை போன இடத்தில் இரும்புப் பைப் ஒன்று உருண்டு அவர் வலது காலில் விழுந்துவிட்டது. ஆபரேஷன் செய்து, பிளேட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி தைரியமாக ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் இவர் நடக்கவில்லை. ஊன்றி நடக்கக் கொடுத்த வாக்கர் சுவரோரம் சும்மா நிற்க, குளிக்கப் போவதென்றாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில்தான் தாவுவார். மற்ற நேரமெல்லாம் கட்டிலில் செல்போனும் கையுமாக இருப்பார்.

"நாளைக்குப் பாத்துக்கலாம் அம்மிணி" என்பார். எத்தனையோ மலைப்பாதைகளில் அத்தனை பெரிய வண்டியை ஏற்றி இறக்கியவர், வீட்டுத் தரையில் கால் வைக்கப் பயப்படுகிறார் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வருவேன்.

தீபத்துக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்யலாமென்று ஏணி போட்டு அட்டாலிப் பரணில் ஏறினேன். ஒரு சாக்குக்குள் பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கு கிடந்தது. மாமனார் காலத்தில் வெல்லம் காய்ச்சும் இடத்தில் எரிந்ததாம். பித்தளையெல்லாம் கறுத்து, பம்பு இறுகிப்போய், கண்ணாடி இருந்த இடத்தில் குளவி கூடு கட்டியிருந்தது.

"பழைய இரும்புக்காரன் வந்தா போட்டுரு" என்றார்.

எனக்கு மனசு வரவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன். எண்ணெய்த் தொட்டி தங்கம் மாதிரி மின்னியது. எரியவைத்துப் பார்த்தால் என்ன என்று ஆசை வந்துவிட்டது. அவருடைய ஸ்பேனர் பையை எடுத்து வந்து, அவர் கண் முன்னாலேயே ஒரு நட்டைத் திருகினேன்.

"ஏனம்மிணி, அது பித்தளை! அந்த ஸ்பேனரைப் போட்டா மழுங்கிப் போயிரும். இங்க கொண்டா!"

அவ்வளவுதான், விளக்கு கட்டிலுக்குப் போய்விட்டது. பம்பிலிருந்த தோல் வாஷர் காய்ந்த அப்பளமாக இருந்தது. அதை விளக்கெண்ணெயில் ஊறப் போட்டார். எண்ணெய் பீய்ச்சும் துளையை மெல்லிய கம்பியால் குத்திக் குத்தி ஊதினார். ஒளிவிடும் வலையான மேன்டிலும் கண்ணாடியும் வாங்க நான் நாமக்கல்லுக்குப் போனேன். கடைக்காரர் உள்ளறையில் தேடி, தூசு தட்டிக் கொடுத்தார்.

"இன்னமும் இதை எரிக்கிறீங்களாக்கா?"

"எரிஞ்சா வந்து சொல்றேனுங்க" என்றேன்.

மண்ணெண்ணெய்க்குத்தான் அலைந்து போனேன். கடைசியில் எங்கள் அண்ணன் வீட்டில் ஒரு பாட்டில் மிச்சமிருந்தது.

அந்த நாட்களில் செல்போன் தலையணைக்கு அடியில் கிடந்தது. நான் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாக எடுத்துக் கொடுப்பேன். எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு ஒரு ஸ்குரூ மிச்சமாகிவிட, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதே இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் விளக்கை வாசலில் வைத்தேன். கொஞ்சம் தள்ளி மாட்டுக்கான சோளத்தட்டுப் போர். அவர் வாசற்படிக்கு உள்ளே போட்டிருந்த கட்டிலில் இருந்தபடியே சொல்லிக் கொடுத்தார். முதலில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, குழாய் நன்றாகச் சூடான பிறகுதான் காற்றடிக்க வேண்டும். எனக்கு எங்கே பொறுமை? சூடேறும் முன்பே பம்பை அடித்துவிட்டேன்.

குப்பென்று மஞ்சள் தீ என் உயரத்துக்கு எழும்பியது. கரும்புகை. எரியும் எண்ணெய் தெறித்து விளக்கைச் சுற்றி விழுந்தது. தீயின் நாக்கு போர்ப் பக்கம் சாய்ந்தது.

"காத்தைப் புடுங்கு! காத்தைப் புடுங்கு அம்மிணி!"

எந்தத் திருகைத் திறப்பது என்று எனக்குத் தெரியும், ஆனால் கை வரவில்லை. சிலை மாதிரி நின்றேன். யாரோ என்னைப் பின்னாலிருந்து பிடித்து ஓரமாகத் தள்ளினார்கள். துண்டைச் சுற்றிய ஒரு கை தொட்டியின் திருகைத் திறந்தது. உஸ்ஸென்று காற்று வெளியேற, தீ குட்டையாகி அணைந்தது.

புகைக்குள் அவர் நின்றுகொண்டிருந்தார், இரண்டு கால்களிலும். வாக்கர் உள்ளே சுவரோரம் அப்படியே இருந்தது.

நான் அவர் காலையே பார்ப்பதைக் கண்டபிறகுதான் அவரும் குனிந்து பார்த்தார். சட்டென்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சேலை எங்கியும் புடிக்கலையே?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன்.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது. ஆனா நிக்குது பாரு" என்றார், கண்ணில் தண்ணீரோடு.

வாக்கரை எடுத்து வந்து கொடுத்தேன். போரிலிருந்து வெகுதூரம் தள்ளி விளக்கை வைத்து, இந்த முறை பொறுமையாக அவரே பற்றவைத்தார். மேன்டில் வெள்ளை வெளேரென்று பிடித்தது. அந்த வெளிச்சத்தில் வாசலைச் சுற்றி மெல்ல ஒரு நடை நடந்தார்.

இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறார். மறுபடி வேலைக்கும் போய்விட்டார். பல வாரங்களாக அவருக்கு நான் சொன்ன ஆறுதலெல்லாம் எடுபடாமல், எனக்கு ஓர் ஆபத்து என்றதும் அவர் எழுந்து வந்ததை நினைத்தால், முடங்கிக் கிடப்பவருக்கு நம் அன்பு மட்டும் போதாது, அவர் நமக்கு எவ்வளவு வேண்டியவர் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும் என்று இன்றும் தோன்றுகிறது.