பதினான்கு கோப்புகளில் இஸ்திரி அக்கா

எங்கள் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் மூன்று பட்டங்கள் தருகிறார்கள். ஊழியத்துக்கு ஒன்று, ஆலோசனைக்கு ஒன்று, ஆசிரியர் வேலைக்கு ஒன்று. ஊழியம் படிப்பவர்கள் சத்தமாகப் பேசுவார்கள். ஆலோசனை படிப்பவர்கள் தலையைச் சாய்த்து மெதுவாகப் பேசுவார்கள். ஆசிரியர் படிப்பில் இருப்பவர்களுக்குப் பேச நேரமில்லை, அட்டை வெட்டி ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். இந்த மூன்று கூட்டத்தின் சட்டைகளையும் தேய்ப்பவர் ஒருவர்தான். எல்லோருக்கும் அவர் இஸ்திரி அக்கா.

நான் ஆலோசனைத் துறை அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி நேரில் பார்த்தது, பாதி தட்டச்சு செய்தது. தட்டச்சு செய்த பாதி முழுக்கப் பொய்.

ஆண்கள் விடுதிக்குப் பின்னால், தண்ணீர் மோட்டாருக்கும் சைக்கிள் நிறுத்தத்துக்கும் நடுவில் அவருடைய அறை. நீள மேசை, அதன் மேல் தீய்ந்த வட்டங்கள் நிறைந்த கம்பளி, இரண்டு இஸ்திரிப் பெட்டிகள். இரண்டில் ஒன்று எப்போதும் பழுதாகிக் கிடக்கும். மோட்டார் ஓடும்போது கத்தித்தான் பேச வேண்டும். இருந்தாலும் ஆண்டுக் கடைசியில் அந்த அறைக்கு முன்னால் வரிசை நிற்கும். சட்டைக்காக அல்ல.

ஆலோசனைப் பட்டம் வாங்க ஒவ்வொரு மாணவரும் துயரத்தில் இருக்கும் ஒருவரோடு பத்து அமர்வுகள் உட்கார்ந்து கோப்பு ஒன்று சமர்ப்பிக்க வேண்டும். முதலில் பக்கத்து மருத்துவமனைக்குப் போனார்கள். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தவரிடம், "உங்க அப்பாவோட உங்க உறவு எப்படி?" என்று மூன்று பேர் அடுத்தடுத்துக் கேட்டதில் அவர் மேட்ரனைக் கூப்பிட்டுவிட்டார். அன்றோடு அந்தக் கதவு மூடியது. சபைகளில் கேட்டார்கள். சபையில் யாருக்கும் துயரம் இருப்பதாக ஒத்துக்கொள்ள முடியாது, பக்கத்து இருக்கைக்குக் கேட்டுவிடும். துயரம் இல்லாமல் பட்டம் இல்லை, பட்டம் இல்லாமல் வேலை இல்லை. ஒருவன் அழுக்குச் சட்டையோடு அக்காவின் மேசை முன் வந்து நின்றான்.

"அக்கா, உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா?"

"பெட்டி சூடே ஏற மாட்டேங்குது தம்பி."

"அது இல்லக்கா. மனசுல."

பாவம், படிக்கிற பிள்ளை என்று அக்கா நினைத்தார். புருஷன் குடிக்கிறார் என்று சொல்லி வைத்தார்.

அவருடைய புருஷன் லாரி ஓட்டுகிறார். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். வீட்டுக்கு வந்தால் தூங்குவார், எழுந்தால் சாப்பிடுவார். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு பத்து அமர்வு ஓட்ட முடியாது. ஐந்து ஆண்டுகளில் அவர் நான்கு கோப்புகளில் குடிகாரர், இரண்டில் சந்தேகப் பிராணி, இரண்டில் விபத்தில் இறந்துபோனவர். இது அவருக்கும் தெரியும். டீ டம்ளரை வாங்கிக்கொண்டே, "இந்த வாரம் நான் உயிரோட இருக்கேனா?" என்று கேட்பாராம்.

அக்கா தொழிலைக் கற்றுக்கொண்டார். மூன்றாவது அமர்வில் அழ வேண்டும். ஐந்தாவதில் பேசாமல் இருக்க வேண்டும். ஒன்பதாவதில், "இப்ப மனசு லேசா இருக்கு" என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் படிவத்தின் கடைசிக் கட்டம் 'காணப்பட்ட மாற்றம்'. யாராவது எழுதாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், "எழுதுங்க தம்பி, அப்புறம் மறந்துடுவீங்க" என்பார். எதிரில் இருப்பவர் துயரத்தைக் கேட்கத் தலையைச் சாய்க்கும்போது, அவர் சட்டைக் காலரில் அழுக்கு எங்கே போகாமல் நிற்கிறது என்று அக்கா பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அறையில் நடந்த ஒரே உண்மையான கவனிப்பு அதுதான்.

ஒரே ஒருவன் மட்டும் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு, "அக்கா, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க நல்லாத்தான் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அதையே கோப்பிலும் எழுதினான். அவனை ஃபெயில் ஆக்கினார்கள். இப்போது எங்கேயோ டயர் கடையில் இருக்கிறான் என்று கேள்வி.

மற்ற பதினான்கு பேரும் தேறினார்கள். கோப்புகளில் அக்காவின் பெயர் வராது. ரகசியம் காக்க 'நபர் அ', 'நபர் ஆ' என்றுதான் தட்டச்சு செய்வேன். கையெழுத்து மட்டும் கடைசிப் பக்கத்து ஒப்புதல் தாளில் இருக்கும். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்கூட அதைப் படித்ததில்லை. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பதினான்கில் ஒன்று மூன்று வருடம் முந்தையது. எழுதியவனுக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'டிஷ்யூ'. எப்போதும் பையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி வைத்திருப்பான், எதிரில் இருப்பவர் அழுவதற்கு முன்பே நீட்டிவிடுவான். அவன் வந்தபோது சமர்ப்பிக்க இரண்டே நாள் இருந்தது.

"அக்கா, புருஷன் கேஸ் எல்லாம் நிறைய ஆயிடுச்சு. டீன் புதுசா கேக்குறாரு. பிள்ளைங்க கேஸ் வேணும். கொஞ்சம் கடுமையா இருந்தா நல்லது."

அக்காவுக்கு ஒரே மகள். அப்போது பதினைந்து வயது. தெருவிலுள்ள சின்னப் பிள்ளைகள் எல்லாம் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரியும், கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். அன்றைக்குச் சளி பிடித்து வீட்டில் படுத்திருந்தாள். அக்கா சட்டைக் கையை நீவிக்கொண்டே சொன்னார்: பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அடிக்கிறாள், ஒரு பையனை அறைக்குள் வைத்துப் பூட்டினாள். டிஷ்யூ இரண்டு நாளில் பத்து அமர்வுகள் எழுதினான். முதல் வகுப்பு. அடுத்த வருடமே துறையில் விரிவுரையாளர்.

இந்த வருடம் மகள் ஆசிரியர் பட்டத்துக்கு விண்ணப்பம் போட்டாள். இங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு இரண்டு இடம் உண்டு. அக்கா பதினெட்டு வருடம் நின்றுகொண்டே வேலை செய்தது இந்த இடத்துக்காகத்தான். இதை அவர் எந்த மாணவரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நேர்காணலில் மனநிலை பார்க்க ஆலோசனைத் துறையிலிருந்து ஒருவர் உட்கார வேண்டும். டிஷ்யூ உட்கார்ந்தான். விண்ணப்பத்தில் தாயின் வேலையைப் படித்ததும் அவன் முகம் கனிந்ததாம்.

"சின்னப் பிள்ளைங்களை ரூம்ல வச்சுப் பூட்டின அனுபவம் உண்டாம்மா? பரவாயில்ல, தைரியமா சொல்லு."

மகள் நேராக இஸ்திரி அறைக்கு வந்தாள். நான் என் சட்டையை வாங்க நின்றிருந்தேன்.

"நான் பிள்ளைங்களை அடிப்பேன்னு யாரும்மா அவருகிட்ட சொன்னது?"

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நான்தான்டி. அது சும்மா. அவருக்கு எழுத ஏதோ வேணும்னாரு."

"வேற யாரும் கிடைக்கலையா உனக்கு?"

"அப்பாவை எல்லாரும் எடுத்துட்டாங்க."

மகள் அழவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இதைவிட அழுதிருக்கலாம் என்று அக்கா பிறகு சொன்னார்.

தேர்வுப் பட்டியல் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை காலை, பட்டமளிப்பு விழாவுக்குத் தேய்த்த அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா டீன் அறைக்குள் நுழைந்தார். டிஷ்யூவும் உள்ளே இருந்தான். நான் கையெழுத்து வாங்கக் காகிதங்களோடு நின்றேன்.

"சார், என் பொண்ணைப் பத்தி இவரு எழுதினது பொய். நான் சொன்ன பொய்."

டீன் நல்லவர். தம்மை நல்லவர் என்று நினைப்பவர் என்பது இன்னும் சரி. நாற்காலியை முன்னால் இழுத்து, தலையைச் சாய்த்தார்.

"புரியுதும்மா. ஒரு தாய்க்கு இதை ஏத்துக்கறது கஷ்டம். மறுக்கிறதுதான் முதல் கட்டம்."

"மறுக்கல சார். பொய்னு சொல்றேன்."

"அதைத்தாம்மா மறுப்புன்னு சொல்றோம்."

டிஷ்யூ கைக்குட்டைப் பெட்டியை மேசை மேல் நகர்த்தினான். "அக்கா, நீங்க அன்னைக்கு அழுதீங்க. நான் பார்த்தேன்."

"மூணாவது அமர்வுல அழணும்னு உங்க தாள்லதானே தம்பி இருந்துச்சு? கடுமையா வேணும்னு கேட்டது நீங்கதானே?"

அவன் முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை, உண்மையாகவே திகைத்தான். தானே கேட்டு வாங்கிய பொய்யை முதல் வகுப்புக் கிடைத்த நாளிலிருந்து நம்பிக்கொண்டிருக்கிறான். திருடர்களிடம்கூட இதைவிட நல்ல ஞாபகசக்தி இருக்கும்.

"சார், மத்த ஃபைலையும் எடுக்கச் சொல்லுங்க," என்றார் அக்கா. "கண்ணாடி போட்ட தம்பி எழுதினது, அந்தக் குட்டைப் பொண்ணு எழுதினது, எல்லாம்."

டீன் என்னைப் பார்த்தார். நான் அலமாரியிலிருந்து பதினான்கையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். என் வாழ்க்கையில் வேகமாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

"கண்ணாடித் தம்பியோடதுல என் வீட்டுக்காரர் செத்துட்டாரு. அதுக்கு அடுத்த வருசம் குடிச்சுட்டு வந்து அடிக்கிறாரு. அந்தக் குட்டைப் பொண்ணோடதைப் பாருங்க, எனக்குப் பிள்ளையே இல்லைன்னு பத்து வாரம் அழுதிருக்கேன். பிள்ளையே இல்லாதவ பொண்ணுக்கு நீங்க எப்படி சார் சீட்டு இல்லைன்னு சொல்வீங்க?"

டீன் ஒவ்வொரு கோப்பாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். ஒரே கையெழுத்து, வலது பக்கம் சாய்ந்தது. அதற்குக் கீழே பச்சை மையில் டீனுடைய கையெழுத்து. பதினான்கு முறை. வெளியே யாரோ பிரசங்கப் பயிற்சிக்காகக் காலி வகுப்பறையில் கத்திக்கொண்டிருந்தார்கள். டீன் கோப்புகளைச் சேர்த்து அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்தார்.

"இதெல்லாம் ரகசியக் கோப்பு," என்றார். "ரகசியக் கோப்புல இருக்கிறதை நேர்காணல்ல கேக்கக் கூடாது. அதனால அந்தக் கேள்வி கேக்கப்படவே இல்ல. உங்க பொண்ணுக்கு இடம் உண்டும்மா."

"சரி சார். அந்த ஃபைல்ல பொய்னு ஒரு வரி எழுதிடுங்க."

"அது முடியாது. அதுல பட்டம் குடுத்தாச்சு."

அக்கா அங்கியைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை பட்டியலில் மகள் பெயர் இருந்தது. அப்பாவுக்குச் செய்தி சொன்னாள். அம்மாவிடம் ஒரு வாரம் பேசவில்லை.

ஆசிரியர் படிப்பின் முதல் பருவத்தில் குழந்தை உளவியல் என்று ஒரு பாடம். எடுப்பவன் டிஷ்யூ. நான்காவது வாரம் அவன் கரும்பலகையில் 'நபர் க' என்று எழுதி, குழந்தைகளைப் பூட்டி வைத்த பதினைந்து வயதுப் பெண்ணைப் பற்றி உருக்கமாக வகுப்பெடுத்தான். பெயர் சொல்லவில்லை, ரகசியம் காத்தான். இரண்டாவது வரிசையில் மகள் உட்கார்ந்திருந்தாள். நாற்பது பேரும் குறிப்பெடுத்தார்கள், அவளும் எடுத்தாள். பருவத் தேர்வில் அதையே கேட்டான்: 'நபர் க-வின் நடத்தைக்கான காரணங்களை விளக்குக. பத்து மதிப்பெண்.'

விடைத்தாள்கள் எங்கள் அலுவலகம் வழியாகத்தான் போகும். அவளுடையதைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. மூன்று வரிகள்தான். 'நபர் க-வை யாரும் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. பூட்டப்பட்டதாகச் சொல்லப்படும் பையனின் பெயர் எங்கும் இல்லை. எனவே விளக்க எதுவும் இல்லை.' ஓரத்தில் சிவப்பில் டிஷ்யூவின் குறிப்பு: 'பரிவு போதாது.' பத்துக்கு இரண்டு.

தாளை அவள் இஸ்திரி அறைக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினாள். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தார். பரிவு போதாது என்ற இடத்தில் விரல் வைத்து இரண்டு முறை படித்தார்.

"மறுபடி திருத்தச் சொல்லிக் கேளு."

"கேக்க மாட்டேன். மத்ததுல பாஸ் ஆயிட்டேன்."

"ரெண்டு மார்க்குடி."

"இருக்கட்டும்மா. நம்மளைப் பத்தி இதுவரைக்கும் எழுதினதுல இது ஒண்ணுதான் உண்மை."

அக்கா மேசைப் பக்கம் திரும்பினார். மேசையில் அடுத்து இருந்தது டிஷ்யூவின் வெள்ளைச் சட்டை. அதை எடுத்து, உதறி, மடித்து, தேய்க்காமலே வந்த பையில் திரும்ப வைத்தார்.