ஊர் எழுதிய பதில்

செங்கல்பட்டில் ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தில் எனக்கு வேலை. கப்பல் வேலைக்கான பயிற்சி வகுப்பைக் கடலோரக் குப்பங்களிலேயே நடத்த முடியுமா என்று விசாரித்து எழுதச் சொன்னார்கள். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமல்லபுரத்தில் கால் நனைத்ததுதான். அதனால்தான் என்னை அனுப்பினார்கள் போலிருக்கிறது. எனக்கு முன்முடிவு எதுவும் இருக்காதாம்.

சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு குப்பம். பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு ஆளுக்கொரு படிவம். முதல் கேள்வியே நீந்தத் தெரியுமா என்பதுதான். தயாரித்தவன் நான். மீனவர்கள் அதைப் படித்துவிட்டு, மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார்கள்.

அந்த ஊரில் எதையும் தனித்தனியாகக் கேட்க முடியாது. நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டாம் என்று ஊர்ப் பஞ்சாயத்து சொன்னால் ஒரு படகும் நகராது. என் படிவத்துக்கும் அதே கௌரவம் கிடைத்தது. வலை பின்னும் கூடத்தில் பெரியவர்கள் கூடி, ஒவ்வொரு கேள்வியாக அலசி, ஊரின் பதில் இதுதான் என்று தீர்மானித்தார்கள். வகுப்பு வேண்டும். சாயங்காலத்தில் வேண்டும். புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் நடத்தலாம். பெண்களையும் சேர்க்க வேண்டுமா? வேண்டாம். இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஒரு பெண்ணைக் கூப்பிட்டு எழுத உட்கார வைத்தார்கள். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். அப்பாவின் படகு இன்ஜினைத் தானே பிரித்து மாட்டுவாளாம். எல்லோருடைய படிவத்தையும் அவளே நிரப்பினாள், மற்றவர்கள் கையெழுத்து மட்டும் போட்டார்கள். அவளுடைய படிவமும் அதில் ஒன்று. அதிலும் கடைசிக் கேள்விக்கு 'வேண்டாம்' என்றே எழுதினாள். எழுதும் முன் பேனா கொஞ்ச நேரம் நின்றது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆய்வு செய்பவன் குறுக்கிடக் கூடாது என்பது எங்கள் விதி. அன்றைக்கு அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

மேலாளருக்கு ஒரே சந்தோஷம். ஒரு ஊரே இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லி அவர் பார்த்ததில்லையாம். எல்லாம் ஒரே கையெழுத்தாக இருக்கிறதே என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆண்களுக்கு மட்டும் வகுப்பு நடத்தலாம் என்று அறிக்கை தயாரானது.

சில வாரம் கழித்து அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்தாள். திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறி வந்திருக்கிறாள். தன் படிவத்தைத் திருப்பிக் கேட்டாள், பதிலை மாற்ற வேண்டுமாம். ஒரு படிவம் மாறுவதால் முடிவு மாறாது என்று, பெரும்பான்மை, சதவீதம் எல்லாம் சொல்லி விளக்கினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"மாறாதுன்னு எனக்கும் தெரியும் சார்," என்றாள். "மத்தவங்களுதுல எழுதுனது ஊரு சொன்னது. என்னுதுலயும் வேணாம்னு நானே எழுதி வச்சிக்கீறேன். அத்த நெனச்சினே இருக்கேன், தூக்கமே வரல."

வெட்கமாக இருந்தது. வாங்கிய படிவத்தைத் திருப்பித் தர முடியாது என்று சொல்லி, புதிதாக ஒன்றை நீட்டினேன். நின்றபடியே எழுதினாள். கடைசிக் கேள்விக்கு 'வேண்டும்' என்று எழுதி, பக்கத்தில் இடம் இல்லாத இடத்தில் 'நான் சேருவேன்' என்றும் எழுதினாள். கீழே போய் ஜெராக்ஸ் எடுத்து வந்து, பெற்றுக்கொண்டதாக அதில் முத்திரை கேட்டாள். என்னிடம் இருந்த ஒரே அதிகாரம் அந்த முத்திரைதான். அழுத்திக் குத்தி, தேதி போட்டுக் கொடுத்தேன்.

"எப்ப சார் தெரியும்?" என்று கேட்டாள்.

தகவல் சொல்கிறோம் என்றேன். அறிக்கை முந்தின நாளே போய்விட்டிருந்தது.