அங்கே விடியும் வரை

கனடாவில் வேலை பார்த்த எங்கள் மகன், முதல் விடுப்பில் உத்திரமேரூருக்கு வந்தபோது, தாயின் கைப்பேசியில் கனடாத் தமிழ் வானொலியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அறிவிப்பாளர் அவ்வப்போது அங்குள்ள நேரத்தைச் சொல்வார். அடுத்து இந்திய நேரத்தையும் சொல்வார். அவளுக்கு முதலாவது மட்டும் போதும். "இப்ப பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருப்பான்" என்பாள், கீரை ஆய்ந்தபடியே. எங்கள் வீட்டில் இருந்துகொண்டு அவனுடைய பொழுதில் வாழ்ந்தாள்.

அங்கே ஒரு சாலை விபத்தில் அவன் இறந்துபோனான். வானொலியை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

முதலாண்டுத் திதி வந்தது. மகன் எனக்குச் செய்ய வேண்டியதை நான் அவனுக்குச் செய்தேன். எள்ளும் நீரும் இறைத்து முடித்ததும், உச்சிப்பொழுதுக்குள் காக்கைக்குச் சோறு வைத்துவிடுமாறு சொல்லி ஐயர் புறப்பட்டார். படைத்த இலையை நான் எடுக்கப் போனபோது அவள் தடுத்தாள்.

"அங்க இன்னும் விடியலங்க. தூங்கிக்கினு கீற புள்ளைய எழுப்பியா சோறு போடறது?"

அவள் தம்பி பேச்சை மாற்ற நினைத்தான் போலும். "காக்காவுக்கு இன்னாக்கா தெரியும் கனடா டைமு?" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

சிறுவயது முதல் பதிகம் ஓதி வருபவன் நான். காலத்தைக் கடந்தவன் என்று ஈசனை நாள்தோறும் வாயாரப் பாடுகிறேன். அன்று அந்தச் சொல் நாவில் நிற்க மறுத்தது. முறை தவறினால் பிள்ளைக்கு ஆகாதே என்னும் அச்சம் ஒருபுறம். அவள் முகம் ஒருபுறம். வேறோர் இலை போட்டு மாடிச் சுவரில் வைத்தேன். காக்கைகள் வந்து உண்டன. அதன்பின் உறவினரும் உண்டு கிளம்பினர். அவள் காத்த இலை மட்டும் கூடத்தில் இருந்தது. அவளும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

வெயில் தணிந்தபின் வானொலி அங்கே காலை என்று அறிவித்தது. ஆறிப்போன சோற்றை இலையோடு ஏந்தி அவள் மாடிக்கு ஏறினாள். காக்கைகள் ஏரிக்கரை மரங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அவள் தொண்டை கம்மும் வரை கூப்பிட்டும் ஒன்றும் கீழே இறங்கவில்லை.

"அங்க நல்லா விடிஞ்சிடுச்சாங்க?"

"விடிஞ்சிடுச்சி."

"அப்ப புள்ள ஏன் இன்னும் எய்ந்துக்கல?"

நான் அவள் கையிலிருந்து இலையை வாங்கிக்கொண்டேன்.