கரடிகள் வந்த அதிகாரம்

என் அக்கா கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் எந்தக் கதவு முனகுகிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். தங்கமான மனிதர். தலையைப் பற்றி மட்டும் அவரிடம் பேசக் கூடாது. முப்பது வயதுக்குள் முடியெல்லாம் விடைபெற்றுப் போய்விட்டது. அதைச் சொன்னால் கோபம் மூக்குக்கு மேல் வந்து நிற்கும்.

கீழ்வீட்டு அச்சகக்காரர் அத்தானுக்கு உயிர்த் தோழர். ஒருநாள் அவருடைய சின்ன மகள் மாடிப்படியில் அத்தானைப் பார்த்து, "பல்பு அங்கிள்!" என்று கூப்பிட்டுவிட்டாள். அத்தான் போட்ட சத்தத்தில் கட்டடமே எட்டிப் பார்த்தது. குழந்தை அழுதுகொண்டே ஓடினாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அத்தானின் செருப்புச் சத்தம் கேட்டாலே அவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வாள். அத்தானுக்கு அது நெஞ்சை அறுத்தது. ஆனாலும் தானாகப் போய்ப் பேச வீம்பு விடவில்லை.

எங்கள் கட்டடத்து ஜெபக் கூட்டத்தில் வேதாகமத்திலிருந்து வாரம் ஓர் அதிகாரம், வரிசையாக. எதையும் தாண்டக் கூடாது. யார் முறையோ அவர்தான் விளக்க வேண்டும். எலியா அக்கினி ரதத்தில் பரலோகம் போகும் அதிகாரம் தையல்கார அக்காவுக்கு விழுந்தது. அத்தான் தன் முறையை மாற்றிக்கொள்ள ஓடினார்.

"மேல போறதப் பத்திப் பேச என்னைவிட ஏத்த ஆளு யாரு, அக்கா?"

அந்த அக்கா மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். அப்போதே நாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அத்தான் ரதத்தோடு படிப்பதை நிறுத்தியிருந்தார். கூட்டத்துக்கு முந்தின மாலைதான் கடைசி வசனங்களுக்கு வந்தார். அங்கே எலியாவின் சீடர் எலிசாவைப் பிள்ளைகள் கூட்டமாக மொட்டைத்தலையன் என்று கேலி செய்கிறார்கள். அவர் சபிக்கிறார். காட்டிலிருந்து இரண்டு கரடிகள் வந்து நாற்பத்திரண்டு பேரைப் பீறிப் போடுகின்றன.

முதலில் அத்தானுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா மச்சான்! மொட்டைன்னு சொன்னா என்ன ஆகும்னு அன்னைக்கே எழுதி வச்சிருக்கு!"

"ஏங்க, நாப்பத்திரண்டு பிள்ளைங்களையா?" என்றாள் அக்கா, வெங்காயம் உரித்தபடி. "இதுக்கா?"

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. உடனே போதகருக்குப் போன் போட்டார். அவர்கள் வாலிபர்கள், கேலி செய்தது தலையை அல்ல, அவர் செய்த தேவ ஊழியத்தை என்றார் போதகர். "சரிங்க ஐயா" என்று வைத்துவிட்டு, "வாலிபனா இருந்தா மட்டும் கரடியா?" என்று என்னிடம் பொருமினார்.

கூட்டத்துக்குக் கீழ்வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். குழந்தை அம்மா மடியில். ரதம் வரை அத்தான் அமர்க்களப்படுத்தினார். கடைசி வசனங்களை வாசித்தார். எல்லார் கண்ணும் அவர் தலைமேல். தையல்கார அக்கா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியல," என்றார் அத்தான். "போதகர் சொன்னதுல பாதிதான் புரிஞ்சுது. கொஞ்சம் முன்னாடி இதே எலிசாதான் ஒரு ஊரோட கெட்ட தண்ணிய நல்லதாக்குறாரு. உடனே இது. ஏன்னு ஆண்டவர்கிட்டதான் கேக்கணும்."

குழந்தை மெல்லத் தலையை நீட்டினாள். "அங்கிள், உங்ககிட்ட கரடி இருக்கா?"

யாரோ சிரிக்கத் தொடங்கி இருமலாக்கினார்கள். அத்தான் சிரிக்கவில்லை.

"இல்லம்மா. ஆனா அன்னைக்கு இருந்திருந்தா அவுத்து விட்டிருப்பேன். அவ்வளவு கோவம். இதப் படிச்சதுலேர்ந்து அதான் எனக்குப் பயமா இருக்கு." வேதாகமத்தை மூடி வைத்தார். "என்னை மன்னிச்சிரும்மா."

அவள் யோசித்தாள். "அந்தப் பிள்ளைங்களுக்கு யாராவது மருந்து போட்டாங்களா?"

"அது எழுதலையேம்மா."

"அப்ப ஆண்டவர்கிட்ட அதையும் கேளுங்க," என்று மடியிலிருந்து இறங்கி வந்து, அத்தானுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைகூப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஜெபிக்க வேண்டிய அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அச்சகக்காரர்தான் அவர் தோளில் கை வைத்து ஜெபத்தைத் தொடங்கினார்.