தாம்பூலப் பையில் வந்த குப்பை

பேரூராட்சி ஒன்றில் துப்புரவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: "சார், நாத்தம் எப்படிப் பழகுச்சு?" நாற்றம் ஒரு வாரத்தில் பழகிவிடும். ஊர் ஜனங்கள்தான் கடைசிவரை எனக்குப் பழகவில்லை. எங்கள் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்த கதையைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

1. பூட்டிய குளியலறை

அலுவலகத்துக்குப் பின்னால் பணியாளர்களுக்கென்று ஒரு குளியலறை கட்டினார்கள். ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்து, போட்டோ எடுத்து, மறுநாளே பூட்டினார்கள். உள்ளே தூய்மை விழிப்புணர்வு ஃப்ளெக்ஸ் போர்டுகளை மேற்கூரை வரைக்கும் அடுக்கி வைத்துவிட்டார் எங்கள் செயல் அலுவலர்.

பணியாளர்களில் மூத்தவர் மாரியாயி. திருமயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். ஒருநாள் நேராகச் செயல் அலுவலர் அறைக்குள் போய் நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

"சார், வேல முடிஞ்சு குளிச்சிட்டு பஸ் ஏறணும் சார். நான் போயி ஒக்காந்தா பக்கத்து சீட்டுல உள்ளவுக எந்திரிச்சுப் போறாக. ரூமத் தொறந்து விடுங்க."

"தொறக்கலாம்மா. போர்டையெல்லாம் எங்க வைக்கிறது? மழையில நனைஞ்சா வீணாப் போயிரும்ல?"

"போர்டு நனையக் கூடாது, நாங்க நாறலாமா சார்?"

அவர் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். பதில் தெரியாத கேள்வி வந்தால் அவருக்கு ஏதாவது ஒரு ஃபைல் கிடைத்துவிடும். மறுநாள் காலை பேட்டரி வண்டிகள் ஷெட்டை விட்டு நகரவில்லை. பணியாளர்கள் அலுவலக வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

2. ஊரின் சாமர்த்தியம்

முதலில் குதித்தவர் வள்ளியப்பன். கடைவீதியில் பெரிய இரும்புக்கடை. வர்த்தகர் சங்கத் தலைவர். ஊரில் முதலாளி என்றால் அவர்தான்.

"குளிக்கிறதுக்கெல்லாமா ஸ்டிரைக்கு? வீட்டுல போயிக் குளிக்க வேண்டியதுதானே! வெளியூர்லேருந்து ஆள எறக்குங்க சார்!" என்று மரத்தடிக்குக் கேட்கும்படி கத்திவிட்டுப் போனார்.

வெளியூர் ஆள் யாரும் வரவில்லை. குப்பை மட்டும் நாள் தவறாமல் வந்தது. வீட்டு வாசலில் குப்பை கிடந்தால் கௌரவக் குறைச்சல். அடுத்த தெருவில் கிடந்தால் அது சமூகப் பிரச்சினை. ஆகவே மேலத்தெருக்காரர்கள் விடியுமுன் கீழத்தெருவில் போட்டார்கள். கீழத்தெருக்காரர்கள் கோயிலுக்குப் போகிற சாக்கில் மேலத்தெருவில் போட்டார்கள். எதிரும் புதிருமாகச் சந்தித்துக்கொண்டால், "என்ன, வாக்கிங்கா?" என்று விசாரித்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மீன் கழிவை ஃப்ரீசரில் வைத்துப் பாதுகாத்தார். அந்த வீட்டு ஐஸ்கிரீமை நான் இன்றுவரை தொடுவதில்லை. ஓர் அம்மாள் குப்பைப் பையைப் புதுக்கோட்டை பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டு நைசாக இறங்கினார். கண்டக்டர் யோக்கியமான மனுஷர். விசிலடித்து பஸ்ஸை நிறுத்தி, "அக்கா, பைய விட்டுட்டீகளே!" என்று ஓடிவந்து கையில் கொடுத்தார். அந்த அம்மாள் நன்றியும் சொல்ல வேண்டியதாயிற்று.

இதில் ஒரு விசேஷம். பிளாஸ்டிக் கவர்களையெல்லாம் நாங்கள்தான் அதற்கு முந்தைய மாதம் கடை கடையாக ஏறிப் பறிமுதல் செய்திருந்தோம். குப்பை கட்ட வீட்டில் கவர் இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் தாம்பூலப் பை இருந்தது. வள்ளியப்பன் மூத்த மகள் மெய்யம்மையின் கல்யாணத்தில் கொடுத்த பை. நல்ல கெட்டித் துணி, ஒழுகாது. ஆளுக்கு ஒன்று என்று கொடுத்ததை, பிள்ளைக்கு, மாமியாருக்கு என்று சொல்லி நாலைந்து வாங்கி வந்திருந்தார்கள். பையில் மயில் படம் போட்டு, 'மெய்யம்மை – சொக்கலிங்கம் திருமணம். வருகைக்கு நன்றி' என்று சிவப்பில் அச்சடித்திருந்தது.

கண்மாய்க்கரை, பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடச் சுவர், எங்கே குப்பை குவிந்ததோ அங்கெல்லாம் மெய்யம்மை குவிந்தாள். நாய்கள் இழுத்துப்போட்ட இடமெல்லாம் மயில்.

3. முதலாளியின் போராட்டம்

ஒரு காலையில் வள்ளியப்பன் அப்படியொரு பையை என் மேஜைமேல் வைத்தார்.

"வெள்ளிக்கிழம சம்பந்தி வீட்டுல விருந்துக்கு வாராங்க சார். கல்யாணத்துக்குப் பெறகு இப்பத்தான் வாராங்க. எம் மக பேரு ஊரு பூராம் நாறிக் கெடக்கு. பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் அவங்க கண்ணுல என்ன படும்?"

அதுவரை அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன், அப்போது சிரிக்கவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்தவன் நானும்தான்.

"ஒரு வழிதான் இருக்கு முதலாளி. அந்த ரூமத் தொறக்கணும்" என்றேன்.

இருவரும் செயல் அலுவலர் அறைக்குப் போனோம். அவர் வழக்கம்போல ஃபைலை எடுத்தார். "மேல கேட்டுத்தான் சார்..."

"அந்த எழவு போர்டையெல்லாம் என் குடோன்ல வையிங்க!" என்று கத்திய வள்ளியப்பன், விறுவிறுவென்று போய் வேப்பமரத்தடியில் மாரியாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியோடு, வெறுந்தரையில். மாரியாயி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். பணியாளர்கள் உட்கார்ந்தபோது தொலைந்துபோயிருந்த சாவி, முதலாளி உட்கார்ந்ததும் மேஜை டிராயரிலேயே கிடைத்தது.

"மொதல்ல குளிக்கிறோம், பெறகு வேல" என்றார் மாரியாயி.

"அழுக்காகுறதுக்கு முன்னாடியே எதுக்குக் குளிக்கிறது?" என்றார் வள்ளியப்பன்.

"தண்ணி வருதான்னு பாக்கணும்ல முதலாளி."

வரவில்லை. திறப்பு விழா கண்ட அந்தக் குழாய்க்கு லைனே கொடுக்கவில்லை. ஒப்பந்தக்காரரைத் திட்டிக்கொண்டே வள்ளியப்பன் தன் கடையிலிருந்து பைப் இறக்கி, பிளம்பரைப் பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினார்.

4. வெள்ளிக்கிழமை

வண்டிகள் கிளம்பின. வியாழன் சாயங்காலத்துக்குள் ஊர் துடைத்துவிட்டது போல ஆனது. ஆனால் வெள்ளிக்கிழமை காலை அலுவலகம் வந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஸ் ஸ்டாண்டைப் பார்த்த எங்கள் முன்சுவர் நெடுக, கயிறு கட்டி, துவைத்த தாம்பூலப் பைகள் காய்ந்துகொண்டிருந்தன. வள்ளியப்பனும் பதறியடித்து ஓடிவந்தார்.

"எரிக்கச் சொன்னேனே ஆத்தா! ஏன் தொவைச்சுப் போட்டிருக்கே?"

மாரியாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். "புதுப்பொண்ணு பேரு முதலாளி, எரிக்க மனசு வரல. அன்னிக்கு ஒங்க வீட்டுல சாப்பிட்ட எலையெல்லாம் நாங்கதான் எடுத்தோம். எங்களுக்குத் தாம்பூலப் பை குடுக்கல. அதான், கெடந்தத எடுத்துத் தொவைச்சுக்கிட்டோம்."

வள்ளியப்பன் கயிற்றை அவிழ்க்கப் போனார். அதற்குள் சம்பந்தி வீட்டார் எதிரே பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிவிட்டார்கள். சம்பந்தியம்மாள் கயிற்றை மேலும் கீழும் பார்த்து, "நம்ம புள்ளைங்க பேருல தோரணமே கட்டியிருக்காகளே! உங்க ஊருல ஒங்களுக்கு இவ்வளவு மரியாதையா?" என்று பூரித்துப்போனார். வள்ளியப்பன் தலையை ஆட்டினார். வேறென்ன செய்வார்?

போன வருஷம் அவருடைய இளைய மகள் கல்யாணம். தாம்பூலப் பையில் மயில் இருந்தது, பெயர் இல்லை. ஊர் கற்ற பாடம் அதுதான். பெயர் இல்லாத குப்பைக்கு இங்கே யாரும் பொறுப்பில்லை, அதை மட்டும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் மாரியாயி உட்கார்ந்திருந்தார். வள்ளியப்பனே அவர் வீட்டுக்குப் போய் அழைத்தாராம். புதுப் பையை முதலாளியே கொண்டுவந்து நீட்டினார். மாரியாயி அதை வாங்கி, தான் கொண்டுவந்திருந்த பைக்குள் வைத்துக்கொண்டார். துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தாலும், மெய்யம்மையின் பெயர் அதில் நன்றாகவே தெரிந்தது.