மாமனார் போட்ட மொட்டை

நிச்சயத்தன்று பவானி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மாப்பிள்ளையின் பெரியப்பா கதிர்வேல் தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்த நேரம். உறவு கொஞ்சம் நெருக்கமாகத் தெரியட்டுமே என்று அவளாகத்தான் சொன்னாள்.

"எங்க மாமனாருகூட உங்க கம்மாபுரத்துல நல்லதம்பின்னு ஒருத்தர் சாவுக்கு மொட்டை போட்டவருதாங்க. எங்க வூட்டுக்காரரு சொல்வாரு."

கதிர்வேல் தட்டைக் கீழே வைத்தார்.

"நல்லதம்பி எங்க தாத்தாவுக்கு அண்ணன். அவரு சாவுக்கு மொட்டை போட்டாருன்னா, உன் மாமனாரு எங்களுக்குப் பங்காளி. பங்காளி வூட்டுப் பொண்ணு எங்க பையனுக்குத் தங்கச்சி மொறைம்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள வெசாரிச்சுச் சொல்லு. இல்லன்னா இதோட வுட்டுடலாம்."

விசாரிக்க ஆள் யார்? மாமனார் மணவாளன் காடாம்புலியூரில் இறந்தபோது அவள் புருஷனுக்கு மூன்று வயது. புருஷன் போயும் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. அவர் வேலையைத்தான் கருணை அடிப்படையில் பவானிக்குக் கொடுத்தார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு அலுவலகத்தின் பதிவறை. ஊரார் கோப்பு எந்த அலமாரியில் எந்தக் கட்டில் கிடக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். சொந்தக் குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

"மொறையாவது மண்ணாவது, நாங்க ரிஜிஸ்டர் பண்ணிக்கிறோம்" என்றாள் மகள் வினோதினி. அவளும் மாப்பிள்ளை இளவரசும் நெய்வேலியில் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பழக்கம், நாலு வருஷம். அன்று சாயங்காலம் இளவரசு போனை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அதற்குப்பின் வினோதினி அந்தப் பேச்சை எடுக்கவில்லை, சாப்பாட்டையும் தொடவில்லை.

சிதம்பரத்தில் ஒரு நூலகத்தில், மூடிப்போன அச்சகம் ஒன்றின் பழைய கருமாதிப் பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருப்பதாக அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். சனிக்கிழமை மதியம் பவானி பஸ் ஏறினாள்.

"பேர் போட்டுத் தேட முடியாதுக்கா. வெறும் படம்தான், வருஷ வாரியா இருக்கு" என்றார் நூலகர் ராபர்ட். "எந்த வருஷம்?"

"எங்க வூட்டுக்காரரு சொன்ன கணக்குக்கு, அறுபதுக்கு முன்ன ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள இருக்கும்."

"எண்ணூறு படம் வரும். அஞ்சு மணிக்குப் பூட்டிடுவேன். நாளைக்கு லீவு."

மணி மூன்றேகால். அவள் எதையும் படிக்கவில்லை. தலைப்பில் ஊர்ப் பெயரை மட்டும் பார்த்துத் தள்ளினாள். விருத்தாசலம், புவனகிரி, பண்ணுருட்டி. செத்தவர்கள் சரசரவென்று போனார்கள். நாலரைக்கு ராபர்ட் ஒரு பக்கமாக ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தார்.

நாலே முக்காலுக்குக் கம்மாபுரம் வந்தது. நல்லதம்பி. அடியில் 'பங்காளிகள்' என்று போட்டு எட்டுப் பெயர். ஒவ்வொன்றாக விரலை வைத்துப் படித்தாள். மணவாளன் இல்லை. மூச்சு வந்தது. உடனே போயும் விட்டது. எட்டாவது பெயருக்குப் பின் 'மறுபக்கம் பார்க்க' என்றிருந்தது.

"திருப்புங்க தம்பி."

"நீங்களே அமுக்கலாம்க்கா."

"நீங்க அமுக்குங்க."

மறுபக்கத்தில் இன்னும் மூன்று பங்காளிகள். அதற்குக் கீழே தனி வரி: 'கொள்ளி வைத்தவர், காடாம்புலியூர் மகள் வயிற்றுப் பேரன் மணவாளன்.'

நல்லதம்பிக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் பிள்ளை கொள்ளி வைத்திருக்கிறான். கொள்ளி வைத்தவன் மொட்டை போடத்தானே வேண்டும். மணவாளன் பங்காளி இல்லை, அவர்கள் பெண் கொடுத்த வீடு. பவானி அங்கேயே கதிர்வேலுக்குப் போன் போட்டு அந்த வரியைப் படித்துக் காட்டினாள்.

கதிர்வேல் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"தம்பி மவன் எங்கப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கச்சே, மவ வூட்டுப் பையன் கொள்ளி வச்சானா? அதான் காடாம்புலியூராரோட போக்குவரத்து அத்துப்போச்சா?"

"அது அவுங்க சண்டைங்க. செத்துப் போனவங்களோட போவட்டும். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. பொண்ணு எடுக்கலாமா, கூடாதா?"

ராபர்ட் சாவிக்கொத்தோடு நின்றார்.

"மொறைப்படி எடுக்கலாம்" என்றார் கதிர்வேல், யாரோ வாயிலிருந்து பிடுங்கியது போல. "ஆனா அந்தக் காயிதத்த எங்க சனங்க எதிர்ல எடுத்து நீட்டாத. எங்கப்பன எவனாவது ஏளனமா பேசினா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"நீட்டலைங்க."

வெளியே வந்து மகளைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"மொறை சரியா இருக்கு. கணக்குப் பண்ணா அவன் உனக்கு மாமன் ஆவுறான். இனிமே அவுங்க வூட்டாளுங்க எதிர்ல வாடா போடான்னு கூப்புடாத. போயி சோத்தத் தின்னு."