பாடச் சொன்ன பாட்டு

பாடிக்கொண்டே வேலை செய்கிறவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் அம்மா கண்டியில் ஒரு தேயிலை ஸ்டோரில் குச்சி பொறுக்கினாள். தேயிலையைத் தட்டில் பரப்பி, காம்புகளை விரல் நுனியால் பிரித்தெடுக்கும் வேலை. அங்கிருந்த பெண்கள் எல்லோரும் பாட வேண்டும் என்பது கணக்கப்பிள்ளையின் கட்டளை. பாடுகிற வாய் பேசாதாம். பாட்டு ஓய்ந்தால் எட்டிப் பார்ப்பார்.

கண்டி மஹய்யாவையில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இங்கிலீஷில் பரிசு வாங்கியவள். அதே பள்ளியில் சின்ன வகுப்புக்கு டீச்சர் தேடினார்கள். பள்ளிக்கு உதவும் வெள்ளைக்காரத் துரைசாணி ஒரு கடிதம் கொடுத்தால் வேலை எனக்கு. அவர் அந்த ஸ்டோரைப் பார்க்கப் போனபோது, மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போனார்.

பாட்டைக் கேட்டதும் துரைசாணி உருகிவிட்டார். இந்த வேலையில் இவர்களுக்கு எது சந்தோஷம் என்று கேட்கச் சொன்னார்.

“பாட்டுத்தான்னு சொல்லிரு. படிச்ச புள்ள, வெளங்கும்ல” என்று கணக்கப்பிள்ளை என் காதருகே சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் நான் யாரையும் கேட்கவில்லை. கட்டளைக்குத்தான் பாடுகிறார்கள், இங்கே ஒரு சந்தோஷமும் இல்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். துரைசாணி வெளியே போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா விசாரித்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“எங்கிட்ட நீ கேக்கவே இல்லயே.”

“கேட்டிருந்தா என்னம்மா சொல்லியிருப்ப?”

“ஒரு குச்சி இல்லாம தட்டு கருகருன்னு கெடக்கும் பாரு, அப்ப அதத் தள்ளிவிட மனசு வராது. அதச் சொல்லியிருப்பேன். அந்தாளு பாடச் சொல்லிச் சொல்லியே பாட்டு கசந்துபோச்சு, அதையும் சொல்லியிருப்பேன். தொரசாணிக்கு ஒரு நெனப்பு, ஒனக்கு ஒரு நெனப்பு. எங்களுக்கு வாய் எதுக்கு, பாடவா?”

எனக்கு முகம் சுட்டது. அம்மா சொன்ன இரண்டையும் அன்றே இங்கிலீஷில் எழுதி, மறுநாள் துரைசாணியின் பங்களாவுக்கு எடுத்துப் போனேன். தட்டைப் பற்றிய வரியைப் படித்துச் சிரித்தார். “பார்த்தாயா, சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்” என்று காகிதத்தை மேசையில் வைத்து, எனக்கான கடிதத்தை எழுதத் தொடங்கினார்.

அடுத்த வரியில் விரலை வைத்து நானே உரக்கப் படித்தேன். பேனா நின்றது.

வேலை வேறொருத்திக்குப் போயிற்று. கேள்விப்பட்ட அன்று அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

“முழுசாச் சொன்னியா?”

“முழுசாச் சொன்னேன்.”